கொல்லிமலை மண்ணும் காவிரிக்கரை எண்ணெயும்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியின் பெயர் நினைவுக்கு வரும். ஆகாய கங்கை அருவி நினைவுக்கு வரும். 70 கொண்டை ஊசி வளைவுகள் நினைவுக்கு வரும். தேனும் பலாவும், சாமையும் தினையும் நினைவுக்கு வரும்.

பெட்ரோல் நினைவுக்கு வருமா?

வராது. ஆனால் வர வேண்டும்!

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பூமிக்கு அடியில் எண்ணெய் கிடைத்தது. அந்த எண்ணெய் மணல் பாறைக்குள் தங்கி இருந்தது. அந்த மணல் எங்கிருந்து வந்தது? மேற்கே உள்ள மலைகள் தேய்ந்து, கரைந்து, ஆற்றோடு போய்ச் சேர்ந்த மணல் அது. அந்த மலைக் கூட்டத்தில் ஒன்றுதான் கொல்லிமலை. மலைக்கும் நரிமணத்துக்கும் இடையே 150 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆனாலும் இரண்டும் தாயும் பிள்ளையும் போல!

இந்த உறவு பலருக்குத் தெரியாது. அதனால்தான் எண்ணெய்க் கிணறு என்றதும் சிலர், "ஊரில் பொன் கொட்டும்" என்கிறார்கள். வேறு சிலர், "ஊரே அழிந்து போகும்" என்கிறார்கள். இரு தரப்பாருக்கும் பூமியின் கதையை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. சொல்லாமலே கிணறு தோண்டினார்கள். அதுதான் தவறு.

அந்தக் கதை என்ன?

கிழட்டுப் பாறை

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 4,000 அடி. அதன் பாறை சாதாரணப் பாறை அல்ல. "சார்னோக்கைட்" என்பது அதன் பெயர்.

பெயர் வந்த விதம் வேடிக்கையானது. கல்கத்தா நகரம் உருவாகக் காரணமாக இருந்தவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறை கல்கத்தாவில் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லை தாமஸ் ஹாலந்து என்ற நிபுணர் ஆராய்ந்தார். அதே கல் சென்னைப் பக்கம் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பதைக் கண்டார். 1893ஆம் ஆண்டில் சார்னாக்கின் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். ஆக, தமிழ்நாட்டுப் பாறைக்குக் கல்கத்தாக் கல்லறைக்காரரின் பெயர்!

கொல்லிமலைப் பாறைக்கு என்ன வயது? சுமார் 250 கோடி ஆண்டு. அப்போது மரம் இல்லை, மீன் இல்லை, பறவை இல்லை. மனிதனைப் பற்றிப் பேச்சே இல்லை. பூமியின் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிய பாறை அது. அதற்கு மேலே இருந்த பாறை எல்லாம் தேய்ந்து போன பிறகு, இன்று வெளியே தலை நீட்டி நிற்கிறது.

இதே பாறை இனம் இலங்கையிலும் உண்டு. பனிக்கண்டமான அண்டார்டிகாவிலும் உண்டு! பனிக்கண்டத்துக்கு எப்படிப் போயிற்று?

பாகப் பிரிவினை

போகவில்லை. ஒன்றாகவே இருந்தது.

ஒரு காலத்தில் இந்தியா, இலங்கை, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லாம் ஒரே நிலப்பரப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்கு விஞ்ஞானிகள் "கோண்டுவானா" என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டுப் பழங்குடியினரான கோண்டு மக்களின் பெயரில் இருந்து வந்த சொல் அது. அந்தக் காலத்தில் சென்னைக்கும் நாகைக்கும் கடற்கரை கிடையாது. கிழக்கே நடந்தால் அண்டார்டிகா!

பிறகு கூட்டுக் குடும்பம் பிரிந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவின் கிழக்குப் பக்கம் அண்டார்டிகாவில் இருந்து விலகத் தொடங்கியது.

சப்பாத்தி மாவை இரு கையாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நடுவில் மாவு மெலியும். பள்ளம் விழும். கடைசியில் பிய்ந்து போகும். பூமியும் அப்படித்தான் மெலிந்தது. கெட்டியான பாறை என்பதால் துண்டு துண்டாக வெடித்தது. சில துண்டுகள் சரிந்து பள்ளம் ஆயின. சில துண்டுகள் அப்படியே மேடாக நின்றன. பிறகு இடைவெளியில் கடல் புகுந்தது.

இன்று தஞ்சை, திருவாரூர் வயல்கள் தட்டுப் போலச் சமமாக இருக்கின்றன. ஆனால் அடியில் மலையும் பள்ளத்தாக்கும் புதைந்து கிடக்கின்றன! கும்பகோணத்தின் அடியில் ஒரு மேடு. பட்டுக்கோட்டை - மன்னார்குடி அடியில் ஒரு மேடு. தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் அடியில் பெரும் பள்ளங்கள். சில இடங்களில் 5,000 மீட்டருக்கு மேல் மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் அடுக்கு அடுக்காக நிரம்பி இருக்கின்றன.

இதற்குக் "காவிரிப் படுகை" என்று பெயர். நிலத்தில் மட்டும் 25 ஆயிரம் சதுர கிலோமீட்டர். கடலுக்குள் அதைவிடப் பல மடங்கு.

சாதுவான கரை

உலகத்தில் இரண்டு விதக் கடற்கரை உண்டு. ஒன்று சண்டைக் கரை. அங்கே பூமித் தட்டுகள் மோதிக்கொள்ளும். ஜப்பான், சிலி, சுமத்ரா எல்லாம் அந்த வகை. எரிமலை வெடிக்கும். பூமி அதிரும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த சுனாமி சுமத்ராவின் அருகே பிறந்ததுதான்.

மற்றொன்று சாதுவான கரை. பிரிந்தது பிரிந்ததுதான், மோதல் இல்லை. சோழமண்டலக் கரை அந்த வகை. பிரேசில் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் அதே வகை.

சாதுவான கரை சும்மா இருக்குமா? இருக்காது. மெல்ல மெல்லக் கீழே அமுங்கும். இழுபட்டபோது சூடாக இருந்த நிலம், ஆற ஆறச் சுருங்கித் தாழும். அதன் மேல் ஆறுகள் மண்ணைக் கொட்டும். லாரியில் மூட்டை ஏற்ற ஏற்ற வில்பட்டை அமுங்குகிறது அல்லவா? அது போலப் பாரம் ஏற ஏற நிலம் தாழும். தாழ்ந்த இடத்தில் மறுபடியும் மண் வந்து நிரம்பும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. மண் கொடுத்தவை மேற்கே இருந்த மலைகள். சுமந்து வந்தவை ஆறுகள்.

இதற்குச் சாட்சி உண்டா? உண்டு. கொல்லிமலைக்கும் கடலுக்கும் நடுவே, பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் சுமார் 60 அடி. முழுதும் கல்! சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கரையில் வளர்ந்த மரம், கடல் சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டது. 1940ஆம் ஆண்டில் எம். எஸ். கிருஷ்ணன் என்ற நிபுணர் அதைக் கண்டறிந்தார். பின்னர் இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையின் தலைவர் பதவிக்கு வந்த முதல் இந்தியரும் அவர்தான்.

அரியலூரில் சிமெண்டு ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக் கல்லும் அந்தப் பழைய கடலின் சொத்துதான். அங்கே நத்தையும் சங்கும் கல்லாகக் கிடைக்கின்றன.

எண்ணெய்ச் சமையல்

எண்ணெய் எப்படி உண்டாயிற்று? ராட்சதப் பல்லிகள் செத்து எண்ணெய் ஆயின என்று பலர் நினைக்கிறார்கள். அது கட்டுக்கதை. கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களும் பாசிகளும் செத்து, காற்றுப் படாத சேற்றில் புதைந்தன. சேறு இறுகிக் கருங்களிப் பாறை ஆயிற்று. அதன் மேல் மண் ஏற ஏற, பாறை ஆழத்துக்குப் போயிற்று. ஆழம் போகப் போகச் சூடு.

இட்லி நீராவியில் வேகிறது. அந்தச் சூடு சுமார் 100 டிகிரி. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இட்லி தயார். எண்ணெய் உண்டாகவும் ஏறக்குறைய அந்தச் சூடுதான் வேண்டும். 60 டிகிரியில் இருந்து 120 டிகிரி வரை. ஆனால் நேரம்? பல லட்சம், பல கோடி ஆண்டுகள்!

சூடு போதாவிட்டால் வேகாது. சூடு மிஞ்சினால் எண்ணெய் இருக்காது. வாயு மட்டும் மிஞ்சும். பாறை இப்படி வேகும் ஆழத்துக்கு நிபுணர்களே "சமையலறை" என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெந்தால் மட்டும் போதாது. எண்ணெய் லேசானது. தண்ணீரில் மிதக்கும். பாறை இடுக்குகளின் வழியே மேலே ஏறும். அது தங்குவதற்கு மணல் பாறை வேண்டும். பஞ்சு தண்ணீரைப் பிடித்துக்கொள்வது போல மணல் பாறை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். மேலே கசியாமல் இருக்கக் களிமண் பாறை மூடியாக வேண்டும். பக்கவாட்டில் ஓடிவிடாமல் இருக்க, மடக்கு விழுந்த இடமாகவும் இருக்க வேண்டும். அடுப்பு, பாத்திரம், மூடி, அலமாரி எல்லாம் பொருந்தினால்தான் சமையல் வீட்டுக்கு உதவும். ஒன்று குறைந்தாலும் கிணறு வெறும் கிணறு.

அப்படியானால் கொல்லிமலையில் தோண்டினால் எண்ணெய் வருமா? வராது. பாசி பிறந்த சேறு அங்கே இல்லை. கெட்டிப் பாறைதான் உண்டு. ஆனால் ஓர் அதிசயம் பாருங்கள். சீர்காழிப் பக்கம் மாதானத்தில், ஆழத்தில் புதைந்த பழம்பாறையின் வெடிப்புகளில் எண்ணெய் கிடைத்தது. பக்கத்துப் பள்ளத்தில் வெந்த எண்ணெய், பழம்பாறையின் விரிசலில் குடி புகுந்துவிட்டது!

ஊரின் பெயர்

1956ஆம் ஆண்டில் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் பிறந்தது. காவிரிப் படுகையில் 1964ஆம் ஆண்டு காரைக்காலில் முதல் ஆழ்கிணறு தோண்டினார்கள். 1980களில் நரிமணம் பெயர் பெற்றது. 1993ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் ஒரு சிறிய சுத்திகரிப்பு ஆலை வந்தது.

பூமிக்கு அடியில் உள்ள பாறை அடுக்குகளுக்கு நிபுணர்கள் பெயர் வைத்தார்கள். என்ன பெயர் தெரியுமா? ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, நன்னிலம், கமலாபுரம்! எல்லாம் ஊர்ப் பெயர்கள். வெளிநாட்டு நிபுணர்களும் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

ஊரின் பெயர் பாறைக்கு உண்டு. பாறையின் கதை ஊருக்குத் தெரியாது! இது நியாயமா?

அச்சம் ஏன் வந்தது?

2010ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மீத்தேன் எடுக்கத் திட்டம் வந்தது. விவசாயிகள் கொதித்தார்கள். இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் எதிர்த்துப் பேசினார். 2013 டிசம்பர் 30ஆம் நாள் அவர் காலமானார். பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. அங்கேயும் போராட்டம் வெடித்தது.

மக்கள் அஞ்சியது வீண் அச்சமா? இல்லை.

நிலக்கரியில் இருந்து மீத்தேன் எடுக்க வேண்டும் என்றால், முதலில் நிலக்கரி அடுக்கில் உள்ள தண்ணீரை இறைத்து வெளியே கொட்ட வேண்டும். அப்போதுதான் வாயு விடுபடும். நிலத்தடி நீரை நம்பி நாற்று விடும் ஊரில் இது எப்படிப்பட்ட வேலை? விவசாயி கேட்ட கேள்வி சரியான கேள்விதான்.

எண்ணெய்க் கிணறு வேறு வகை. அது குடிநீர் அடுக்கைத் துளைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகும். சுற்றிலும் இரும்புக் குழாய் இறக்கி சிமெண்டு பூசுவார்கள். அந்தப் பூச்சு நன்றாக இருந்தால் நல்ல தண்ணீருக்குக் கேடு இல்லை. பூச்சு கெட்டால் ஆபத்து. எண்ணெயோடு ஆழத்து உப்பு நீரும் வரும். அதை வயலில் விட்டால் மண் கெடும். பழைய குழாய் துருப்பிடித்தால் கசியும்.

இவற்றை ஊராருக்கு யார் சொன்னார்கள்? தமிழில், புரியும்படி, படம் போட்டு யார் விளக்கினார்கள்? சொல்லாத இடத்தில் சந்தேகம் முளைக்கும். அது மனித இயல்பு.

எண்ணெய் வேண்டாமா?

மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. பஸ்ஸும் லாரியும் மோட்டார் சைக்கிளும் எண்ணெயில்தான் ஓடுகின்றன. வயலுக்கு உழவு இயந்திரம் வேண்டும். அதற்கு டீசல் வேண்டும். "எண்ணெயே வேண்டாம்" என்று ஒரே நாளில் சொல்லிவிட முடியாது.

ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கிணறு சில பத்து ஆண்டுகளில் வற்றிவிடும். வற்றினால் மறுபடி ஊற 10 கோடி ஆண்டு காத்திருக்க முடியுமா? காவிரிப் படுகை வயல் அப்படியா? கரிகாலன் காலத்துக்கு முன்பிருந்தே நெல் விளைகிறது. தண்ணீரும் மண்ணும் கெடாமல் இருந்தால் பேரன் காலத்திலும் விளையும். சில பத்து ஆண்டு வருமானத்துக்காக என்றைக்கும் விளையும் நிலத்தைப் பணயம் வைக்கக் கூடாது.

ஹாலந்து நாட்டின் பாடம் கண்முன் இருக்கிறது. அங்கே கிரோனிங்கன் என்ற இடத்தில் 1959ஆம் ஆண்டு பெரும் எரிவாயு வயல் கிடைத்தது. நாடே செழித்தது. ஆனால் வாயு எடுக்க எடுக்க நிலம் தாழ்ந்தது. சிறு சிறு நில அதிர்ச்சிகள் வந்தன. வீடுகளில் விரிசல் விழுந்தது. 2023 அக்டோபரில் வாயு எடுப்பதை நிறுத்தினார்கள். அதுவும் காவிரிக் கழிமுகம் போலத் தாழ்ந்த பூமிதான்.

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அது அறிவித்தது. புதிதாக எண்ணெய், வாயுக் கிணறு தோண்டத் தடை விதித்தது. நல்ல சட்டம். ஆனால் முன்பே தோண்டிய கிணறுகளை அது மூடவில்லை. அவற்றின் கணக்கு இன்னும் பாக்கி!

மலை கொடுத்ததை யார் எடுக்கிறார்கள்?

இன்னொரு கணக்கும் பாக்கி. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சாதுவான கரை தானாகத் தாழும் என்று பார்த்தோம். தாழ்வை ஈடு செய்தது எது? மலையில் இருந்து வந்த மணலும் வண்டலும். அந்தப் படி இப்போது குறைந்துவிட்டது. 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை வந்தது. பாசனம் பெருகியது, அது பெரும் நன்மை. ஆனால் மேலே இருந்து வரும் மண் அணைக்குள் தங்கிவிடுகிறது.

மேட்டூருக்குக் கீழே சேரும் மண்ணுக்குக் கொல்லிமலை போன்ற மலைகள்தான் துணை. ஆகாய கங்கையாக விழும் ஐயாறு, புளியஞ்சோலைப் பக்கம் இறங்கித் திருச்சி மாவட்டத்துக்குள் வருகிறது. காட்டாற்று வெள்ளத்தில் மணலும் வருகிறது. ஆனால் ஆற்றில் படிந்த மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனால், கழிமுகத்துக்கு என்ன மிஞ்சும்? நிலம் தாழும். கடல் உள்ளே ஏறும். கிணற்று நீர் உப்புக் கரிக்கும். எண்ணெய்க் கிணறே இல்லாவிட்டாலும் இது நடக்கும்!

மலையிலும் கை வைத்தார்கள். கொல்லிமலை உச்சியின் செம்மண்ணில் பாக்சைட் உண்டு. மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல ஆண்டுகள் அதை வெட்டிக்கொண்டு போனார்கள். பின்னர் அது நின்றது. மலையின் மண் மலைவாசிகளின் சொத்து மட்டும் அல்ல. கீழே உள்ள ஊர்களின் முதலும் அதுதான்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, எண்ணெய்க் கிணறு உள்ள ஒவ்வோர் ஊரிலும் கிராம சபையைக் கூட்ட வேண்டும். பூமியின் படத்தைச் சுவரில் மாட்ட வேண்டும். குடிநீர் எத்தனை அடியில் இருக்கிறது, எண்ணெய் எத்தனை அடியில் இருக்கிறது, உப்பு நீர் எங்கே போகிறது, குழாய்க்கு எத்தனை வயது என்று தமிழில் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அஞ்ச வேண்டிய வேலை என்றால், அதைச் செய்யவே கூடாது.

இரண்டாவதாக, சுற்று வட்டாரக் கிணறுகளின் தண்ணீரை ஆண்டுதோறும் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுத வேண்டும். "கெட்டது, கெடவில்லை" என்ற சண்டைக்குக் கணக்கு ஒன்றே மருந்து.

மூன்றாவதாக, வற்றிய கிணறுகளை முறையாக சிமெண்டு இட்டு மூடி, நிலத்தைப் பழையபடி உழவுக்கு ஒப்படைக்க வேண்டும். எடுத்தவர்தான் மூட வேண்டும். செலவும் அவருடையதே.

நான்காவதாக, ஆற்று மணலை அள்ளுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மலை ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்கிறது? அதற்கு மேல் எடுப்பது கடன் வாங்கித் தின்பதற்குச் சமம்.

ஐந்தாவதாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வழி உண்டு. கொல்லிமலையில் புறப்படுங்கள். சாத்தனூர்க் கல்மரத்தைக் காட்டுங்கள். அரியலூர்க் கல் நத்தையைக் காட்டுங்கள். நரிமணத்தில் முடியுங்கள். 250 கோடி ஆண்டு சரித்திரத்தை இரண்டே நாளில் பார்த்துவிடலாம்! அந்தப் பிள்ளை வளர்ந்து கிராம சபையில் உட்காரும்போது, யாரும் அவனையும் அவளையும் ஏமாற்ற முடியாது.

வீட்டை வாங்கும்போது பத்திரத்தைப் படிக்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. காலடிப் பூமிக்கும் ஒரு பத்திரம் உண்டு. அது கல்லிலும் மணலிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதை ஊரார் படிக்கும் வரை, அந்தப் பூமியில் யாரும் புதிதாகக் கை வைக்கக் கூடாது.